நாலு கண் முகமூடி... பேயை ஓட்ட வந்தவரே பேயான கதை!

ஜப்பானின் கியோட்டோ நகரில் பிப்ரவரி மாதக் குளிர் எலும்புவரை இறங்கும். பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்டவே யோசிப்பார்கள். ஆனால் பிப்ரவரி 2-ம் தேதி மாலை மட்டும் நிலைமை தலைகீழ். கியோட்டோ பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் சிறு குன்றின்மேல் உள்ள யோஷிடா ஆலயத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. தாத்தா பாட்டி முதல் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வரை எல்லோரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பேய்கள் வரப்போகின்றன!

மாலை 6 மணிவாக்கில் வந்துவிடுகின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கொம்பு, கோரைப்பல், பரட்டைத்தலை, கையில் இரும்புத்தடி. சிவப்புக்குக் கோபம், நீலத்துக்குச் சோகம், மஞ்சளுக்கு மன உளைச்சல் என்று அர்த்தம் சொல்கிறார்கள். மூன்றும் உறுமிக்கொண்டே கூட்டத்துக்குள் பாய, குழந்தைகள் வீறிட்டு அழ, பெற்றோர்கள் சிரித்தபடி செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் வருகிறார். கறுப்பு மேலங்கி, சிவப்புக் கீழாடை. வலது கையில் ஈட்டி, இடது கையில் கேடயம். முகத்தில் தங்க நிற முகமூடி. அதில் இரண்டல்ல, நான்கு கண்கள்!

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்பிப்போவார்கள். மூன்று பேய்களையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்த முகம் அளவுக்குப் பயம் வராது. ஆனால் இவர் பேய் அல்ல, பேயோட்டி. பெயர் ஹோஸோஷி. இவர் ஈட்டியால் கேடயத்தைத் தட்டி அதட்ட, சற்று முன்புவரை ஆட்டம் போட்ட மூன்று பேய்களும் துவண்டு பின்வாங்குகின்றன. கடைசியில் அரசவை உடையில் இருப்பவர்கள் பீச் மரத்தில் செய்த வில்லில் நாணல் அம்புகளைப் பூட்டி எய்ய, பேய்கள் ஓட்டம் பிடிக்கின்றன.

இந்தச் சடங்கின் பெயர் 'ட்சுயினா'. பேயோட்டுதல் என்று பொருள் கொள்ளலாம். பார்ப்பதற்குத் திருவிழா வேடிக்கைபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு கண் முகமூடிக்குப் பின்னால் ஒரு துரோகத்தின் கதை இருக்கிறது.

வசந்தத்துக்கு முதல் நாள்

ஜப்பானின் பழைய நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாளுக்கு முந்தைய தினம் 'செட்சுபுன்'. பெரும்பாலும் பிப்ரவரி 3-ம் தேதி வரும். சூரியனின் நகர்வை வைத்துக் கணக்கிடுவதால் எப்போதாவது மாறும். 2021-ல் பிப்ரவரி 2-ம் தேதி வந்தது. 124 ஆண்டுகளில் அதுதான் முதல்முறை. 2025-லும் அப்படியே வந்தது.

ஒரு பருவம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில் கெட்ட சக்திகள் உள்ளே புகுந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் அன்று வீடுகளில் வறுத்த சோயா பயறை வீசுவார்கள். "பேயே வெளியே போ, நன்மையே உள்ளே வா" என்று சத்தம் போடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் பேய் வேஷம் அப்பாவுக்குத்தான். பயறு பாக்கெட்டோடு கடையில் கிடைக்கும் அட்டை முகமூடியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பிள்ளைகள் அவரைப் பயறால் அடித்து விரட்டுவார்கள். ஆண்டு முழுக்க அதட்டும் அப்பாவை அடித்துத் துரத்த ஒரு நாள் கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்!

பயறை வறுப்பதற்கும் காரணம் உண்டு. வறுக்காமல் வீசினால், எங்கோ மூலையில் கிடக்கும் ஒன்று முளைத்துவிடலாம். விரட்டிய தீமை மறுபடி முளைத்ததாக ஆகிவிடுமாம். வீசி முடித்ததும் அவரவர் வயது எண்ணிக்கைக்குப் பயறு எடுத்துச் சாப்பிடுவார்கள். 80 வயதுப் பாட்டிகளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

கண்ணுக்குத் தெரியாததற்கு ஒரு முகம்

அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கு 'ஓனி' என்ற சொல் புதிதல்ல. கொம்பு முளைத்த ஜப்பானியப் பேய், அரக்கன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு 10-ம் நூற்றாண்டு ஜப்பானிய அகராதி ஒன்று தரும் விளக்கம் சுவாரஸ்யமானது. மறைந்திருப்பது என்ற பொருளுள்ள 'ஓன்' என்ற சொல்தான் மருவி 'ஓனி' ஆனதாம்.

அதாவது, ஓனிக்கு முதலில் உருவமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஆளைச் சாய்க்கிற எதுவும் ஓனிதான். அதில் முக்கியமானது கொள்ளைநோய்.

உருவம் பிறகு வந்தது. வடகிழக்குத் திசையை ஜப்பானியர்கள் 'பேய் வாசல்' என்று நம்பினார்கள். பழைய திசைக் கணக்கில் அந்த மூலைக்கு எருதும் புலியும் அடையாளம். அதனால்தான் ஓனியின் தலையில் எருதுக் கொம்பு, இடுப்பில் புலித்தோல்! யோஷிடா ஆலயமும் கியோட்டோ அரண்மனைக்கு வடகிழக்கில் அந்த மூலையைக் காப்பதாகவே கருதப்படுகிறது. 859-ம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆலயம் இது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு முதலில் ஒரு முகம் கொடுக்க வேண்டும். முகம் இருந்தால்தான் பார்க்க முடியும், திட்ட முடியும், விரட்ட முடியும். பேய் முகமூடி செய்யும் வேலை இதுதான்.

706-ம் ஆண்டு... நாடெங்கும் மரணம்

ஜப்பான் அரசவை வரலாற்று நூலான 'ஷோகு நிஹோங்கி'யில் 706-ம் ஆண்டு பற்றிய குறிப்பு சுருக்கமானது. நாட்டின் பல மாகாணங்களில் கொள்ளைநோய் பரவியது. மக்கள் பெருமளவில் இறந்தார்கள். முதன்முறையாக மண் எருதுகள் செய்து, பெரிய பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டது. அவ்வளவுதான்.

சடங்கு சீனாவிலிருந்து வந்தது. நாலு கண் ஆசாமியும் அங்கிருந்துதான் வந்தார். சீனாவின் பழைய சடங்கு நூலில் இவருக்கு 'ஃபாங்ஷியாங்ஷி' என்று பெயர். கரடித்தோல் போர்த்தி, நான்கு தங்கக் கண்களுடன், ஆயுதம் ஏந்தி வீடு வீடாக நோயை விரட்டுவது அவர் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. சவ ஊர்வலத்தில் முன்னால் நடந்து, சவக்குழிக்குள் முதலில் இறங்கி, நான்கு மூலைகளிலும் ஈட்டியால் குத்தித் தீய சக்திகளைத் துரத்த வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் அரண்மனையில் இந்தச் சடங்கு ஆண்டின் கடைசி நாள் இரவில் நடந்தது. எப்படி நடத்த வேண்டும் என்று 927-ம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற அரசு விதிநூல் விலாவாரியாகச் சொல்கிறது. நாலு கண் முகமூடியுடன் ஹோஸோஷி ஒருவர். அவர் பின்னால் உதவியாளர்கள் 20 பேர். அவர் ஈட்டியால் கேடயத்தைத் தட்ட, அரசவையினர் பீச் மர வில்லும் நாணல் அம்புமாக அரண்மனை வாசல்கள் வழியாக நோயை வெளியேற்றுவார்கள்.

அந்த நூலில் பேய்களிடம் படிக்க வேண்டிய அறிக்கை ஒன்றும் இருக்கிறது. அதில் மிரட்டல் பிறகுதான் வரும். முதலில் உபசாரம்! ஐந்து நிறப் பொருள்களும், கடலிலும் மலையிலும் கிடைக்கும் தின்பண்டங்களும் தருகிறோம், வாங்கிக்கொண்டு போய்விடு என்கிறது. எங்கே போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கிழக்கே முட்சு, மேற்கே தோச்சிகா, தெற்கே தோசா, வடக்கே சாடோ. இவைதான் அன்றைய அரசுக்குத் தெரிந்த உலகின் நான்கு எல்லைகள். அதற்கு அப்பால் போய்க் குடியிருக்கட்டும். கெட்ட எண்ணத்தோடு ஒளிந்திருந்தால்தான் ஆயுதத்தோடு ஆள் வரும்.

விரட்டியவரையே விரட்டினார்கள்

கதை இங்கேதான் திரும்புகிறது.

சில நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தால் அரண்மனைச் சடங்கில் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. அரசவையினர் ஹோஸோஷிக்குப் பின்னால் அணிவகுத்து நின்று நோயை விரட்டவில்லை. ஹோஸோஷியை நோக்கியே அம்பு விடுகிறார்கள்! பேயோட்டியே பேயாகிவிட்டார். 12-ம் நூற்றாண்டு வாக்கில் இந்த மாற்றம் முழுமையாகிவிட்டதாகத் தெரிகிறது.

ஏன்? ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அதில் முக்கியமானது அந்த இரண்டாவது வேலை. ஜப்பானிலும் மன்னர் குடும்பத்து இறுதி ஊர்வலங்களில் ஹோஸோஷிதான் முன்னால் போனார். காலப்போக்கில் அரசவையில் தீட்டு பற்றிய அச்சம் அதிகரித்தது. சாவைத் தொட்டவரைப் பார்த்தாலே ஒதுங்கினார்கள். எல்லோருக்காகவும் சவக்குழிக்குள் இறங்கியவர் தீண்டத்தகாதவரானார்.

இன்னொரு காரணம் மிக எளிமையானது. நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈட்டியோடு நிற்பவர் தெரிகிறார். அதுவும் நான்கு கண்களோடு! பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, அருகில் இருந்த முகம் அவருடையது.

ஆயிரம் ஆண்டுப் பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் கொரோனா பரவியபோது, ஜப்பானிய மருத்துவக் குழுக்கள் உள்ளே போய் வேலை பார்த்தன. திரும்பி வந்தவர்களில் சிலரை அவர்களின் பணியிடத்திலேயே கிருமிகளைப்போல நடத்தினார்கள். சிலரின் குழந்தைகளை மழலையர் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றார்கள். ஜப்பானின் பேரிடர் மருத்துவச் சங்கம் பகிரங்கமாகக் கண்டனம் தெரிவிக்கும் அளவுக்கு அது போனது. நோயை விரட்டப் போனவர்களையே நோயாகப் பார்த்தார்கள். இது ஜப்பானில் மட்டும் நடக்கவில்லை என்பது நமக்கும் தெரியும்.

கொம்பு முளைத்த துறவி

யோஷிடா ஆலயத்திலிருந்து மேற்கே, கமோ ஆற்றைத் தாண்டினால் அரண்மனைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ரோசான்ஜி என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. 'கெஞ்சியின் கதை' எழுதிய முராசாகி ஷிகிபு வாழ்ந்த வீடு இருந்த இடம் இது என்பதால், இலக்கிய ஆர்வலர்களும் தேடி வருவார்கள். பிப்ரவரி 3-ம் தேதி பிற்பகலில் இங்கே பேய்கள் நடனமாடும்.

இங்கும் மூன்று பேய்கள்தான். ஆனால் அர்த்தம் வேறு. சிவப்பு என்றால் பேராசை, பச்சை என்றால் சினம், கறுப்பு என்றால் அறியாமை. மனிதனைக் கெடுக்கும் மூன்று நஞ்சுகள் என்று பௌத்தம் சொல்பவை. தீப்பந்தமும் வாளும், கோடரியும், பெரிய சுத்தியலுமாகத் தாளத்துக்கு ஏற்ப நிதானமாகக் கால் தூக்கி வைத்து மண்டபத்துக்குள் போகின்றன. உள்ளே நடக்கும் வேள்வியின் வலிமையும், வெளியே எய்யப்படும் அம்புகளும், வீசப்படும் பயறும் சேர்ந்து அவற்றைத் தள்ளாடவைத்துத் துரத்துகின்றன.

10-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ரியோகென் என்ற துறவி அரண்மனையில் 300 நாள் வேள்வி நடத்தியபோது, இடைஞ்சல் செய்ய வந்த மூன்று பேய்களை விரட்டினாராம். அதன் நினைவாகத்தான் இந்த நடனம்.

அதே ரியோகென் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் நோய்த் தெய்வம் அவரையே தேடி வந்தது. அதை வென்ற அவர், கண்ணாடி முன் உட்கார்ந்து தியானம் செய்தார். கண்ணாடியில் அவர் உருவம் மெல்ல மாறியது. உடல் எலும்பும் தோலுமாகி, தலையில் இரண்டு கொம்புகள் முளைத்தன. அந்த உருவத்தை வரையச் சொல்லி, வீட்டு வாசலில் ஒட்டினால் நோய் அண்டாது என்றாராம். கறுப்பு மையில் அச்சிட்ட அந்தக் 'கொம்புத் துறவி' படத்தைக் கியோட்டோவின் பழைய வீட்டு வாசல்களில் இன்றும் பார்க்கலாம்.

நல்லவர் ஒருவர் நம்மைக் காப்பாற்றப் பேய் முகம் எடுக்கிறார். அரண்மனை ஹோஸோஷியை விரட்டியது. ஊர் மக்களோ அதேபோன்ற ஒரு முகத்தை வாசலிலேயே ஒட்டிவைத்துக்கொண்டார்கள்.

பேய் வந்தால் நல்லது!

கியோட்டோவை விட்டு வெளியே வந்தால் பேய் முகமூடியின் குணம் இன்னும் மாறுகிறது.

நாராவுக்கு அருகில் உள்ள ஹோர்யூஜி ஆலயத்தில் 1261-ம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பேயோட்டும் விழா இன்றும் நடக்கிறது. கறுப்பு, நீலம், சிவப்பு என மூன்று பேய்கள். ஒரே குடும்பமாம். அப்பா, அம்மா, பிள்ளை! எரியும் தீப்பந்தங்களைக் கூட்டத்தை நோக்கி வீசும் அவற்றை, காவல் தெய்வமான பிஷாமோன்தென் வந்து துரத்துகிறார். அந்தக் காலத்தில் மரத்தில் செதுக்கிய பேய் முகமூடிகளை ஆலயம் பாதுகாத்து வருகிறது.

கோபே நகரின் நாகாட்டா ஆலயத்தில் பேய்களை யாரும் விரட்டுவதே இல்லை. இங்கே வரும் ஏழு பேய்களும் கடவுளின் தூதர்கள். பழைய முகமூடிகளை அணிந்து, வைக்கோல் தீப்பந்தங்களோடு ஆடுகின்றன. அந்த நெருப்பு ஊரின் தீமைகளைச் சுட்டெரிக்கும், கையில் உள்ள வாள் கெடுதலை வெட்டியெறியும் என்பது நம்பிக்கை. பேய் வேஷம் போடுபவர்கள் அதற்காக நடுக்கும் குளிரில் கடலில் குளித்துத் தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்கிறார்கள். எரிந்து மிஞ்சிய பந்தத் துண்டுகளை மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் கட்டிவைப்பார்கள்.

நாகாட்டா என்ற பெயர் ஜப்பானியர்களுக்கு வேறொரு நெருப்பையும் நினைவுபடுத்தும். 1995 ஜனவரி 17 அதிகாலை கோபேயை உலுக்கிய நிலநடுக்கத்தில் மிக மோசமாக எரிந்த வட்டாரம் இதுதான். தீ என்ன செய்யும் என்று தெரிந்த ஊர், இன்றும் பேயின் கையில் இருக்கும் தீயைக் கும்பிடுகிறது.

"பேயே, நீயும் உள்ளே வா!"

நாடு முழுக்க ஒரே நாளில் பயறால் அடித்து விரட்டப்படும் பேய்கள் எல்லாம் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு நாரா மாகாணத்தின் யோஷினோ மலையில் பதில் இருக்கிறது.

செர்ரிப் பூக்களுக்குப் பெயர்போன மலை இது. பிப்ரவரியில் பூ இருக்காது. மொட்டை மரங்களும், சில நாட்களில் பனியும்தான். மலைமுகட்டில் கின்புசென்ஜி ஆலயம். செட்சுபுன் அன்று இங்கேயும் பயறு வீசுகிறார்கள். ஆனால் வாசகம் மட்டும் வேறு. "நன்மையே உள்ளே வா, பேயே நீயும் உள்ளே வா!"

மற்ற ஊர்களில் துரத்தப்பட்ட பேய்கள் இந்த மலைக்கு ஓடிவருகின்றன என்பது ஐதீகம். வந்தவை முதலில் முரட்டாட்டம் போடும். பிறகு வேள்வியும் மந்திரமும் பயறும் அவற்றின் மனதை மாற்றும். சாந்தமாகி, ஆலயத்தின் பிள்ளைகளாகவே ஆகிவிடும்.

இதற்கும் ஒரு பழங்கதை உண்டு. மலைத் துறவி நெறியைத் தொடங்கிவைத்த என் நோ கியோஜா, மக்களைத் துன்புறுத்திய பேய்த் தம்பதியைத் திருத்தித் தன் சீடர்களாக்கினார். கணவன் பெயர் ஸென்கி, மனைவி பெயர் கோகி. துறவிக்கு முன்னால் வழிகாட்டுவது ஒருவர் வேலை, பின்னால் தண்ணீர் சுமப்பது மற்றவர் வேலை. இவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் யோஷினோவுக்குத் தெற்கே உள்ள மலைகளில் யாத்ரிகர் விடுதிகளை நடத்திவந்தன. இப்போது எஞ்சியிருப்பது ஒரே ஒரு குடும்பம். கடினமான மலைப்பாதையில் களைத்து வருபவர்களுக்கு இன்றும் சோறும் படுக்கையும் தருகிறது. பேயின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை, பெருமைதான்.

கின்புசென்ஜியின் மூலவர் ஸாவோ கோங்கெனைப் பார்த்தால் இந்த ஊரின் மனசு இன்னும் புரியும். ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் மூன்று சிலைகள். நீல உடல், சிலிர்த்த தலைமுடி, துருத்திய கோரைப்பல். கோபம் தெறிக்கும் இந்த முகங்களைக் கருணையின் வடிவம் என்று வணங்குகிறார்கள். பயமுறுத்தும் முகம் எல்லாம் கெட்ட முகம் அல்ல என்று நம்புகிற மலையில்தான், பேய்க்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அரண்மனையில் அம்புபட்ட ஹோஸோஷிக்கும் விடிவு வந்தது. யோஷிடா போன்ற ஆலயங்கள் பழைய முறைப்படி சடங்கை நடத்தும்போது, அவரை மறுபடி பேயோட்டியாகவே நிறுத்தியிருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாலை நேரம் மட்டும், அம்புகள் அவரை விட்டுவிட்டுப் பேய்களை நோக்கிப் பாய்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு...

* எப்போது? யோஷிடா ஆலய விழா பொதுவாக பிப்ரவரி 2 முதல் 4 வரை. பேயோட்டும் சடங்கு 2-ம் தேதி மாலை. மற்ற நான்கு ஆலயங்களுக்கும் செட்சுபுன் நாள்தான் முக்கியம். அது எந்தத் தேதி என்று அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

* எப்படி? யோஷிடாவுக்கு தெமாச்சியானாகி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ரோசான்ஜியும் அங்கிருந்து தொலைவில்லை. ஹோர்யூஜிக்கு அதே பெயரில் ரயில் நிலையம் உண்டு. யோஷினோவுக்கு ஒசாகாவின் அபேனோபாஷி நிலையத்திலிருந்து கிண்டெட்சு ரயில் போகிறது.

* நான்கு மூலை வழிபாடு: யோஷிடா, யாசாகா, மிபு, கிடானோ என்று கியோட்டோவின் நான்கு மூலைகளில் உள்ள ஆலயங்களை செட்சுபுன் சமயத்தில் சுற்றிவரும் வழக்கம் உண்டு. ஒரு நாளில் முடித்துவிடலாம்.

* கவனம்: சடங்கைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓரிரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கம்பளி ஆடை கட்டாயம். சின்னக் குழந்தைகள் இருந்தால், நாலு கண் முகமூடி போட்டவர் நல்லவர் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போங்கள்!